ஐஆர்என் கிடைத்துவிட்டாலே பில் சரியாகிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு நிதியாண்டில் முதன்முறையாக 5 கோடி ரூபாய் விற்றுமுதலைத் தாண்டும் நிறுவனங்கள் அடுத்து வரும் ஏப்ரல் 1 முதல் மற்ற வணிகர்களுக்குப் போடும் பில் ஒவ்வொன்றையும் இ-இன்வாய்ஸாக, அதாவது அரசு அங்கீகரித்த இணையத் தளத்தில் மின்னணு முறையில், பதிவு செய்தாக வேண்டும். கோவை, திருப்பூர், ஈரோடு, ஓசூர் என்று எங்கு பார்த்தாலும் இதற்கு நடக்கும் ஏற்பாடு ஒன்றுதான். பில்லிங் மென்பொருள் விற்றவரை அழைத்து, இ-இன்வாய்ஸ் வசதியைத் திறந்துவிடச் சொல்கிறார்கள். திரையில் ஒரு பட்டன் வருகிறது. அமுக்கினால் ஐஆர்என் என்ற பில் பதிவு எண் வருகிறது, கியூஆர் அச்சாகிறது. அதோடு சட்டத்துக்குச் செய்ய வேண்டியது முடிந்தது என்று முதலாளி, கணக்கர், மென்பொருள்காரர் மூவருமே நம்பிவிடுகிறார்கள். இந்த நம்பிக்கையால் பின்னால் வரும் செலவு பெரிது என்பதால்தான் இக்கடிதம்.

யாருக்குக் கட்டாயம் என்பதிலேயே குழப்பம் தொடங்குகிறது. 2020 அக்டோபர் 1 அன்று 500 கோடிக்கு மேற்பட்ட நிறுவனங்களோடு ஆரம்பித்த திட்டம், படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடிக்கு வந்து நிற்கிறது. இந்த 5 கோடி ஒரு ஜிஎஸ்டி எண்ணுக்கு உரியது அல்ல, பான் எண்ணுக்கு உரியது. கோவையில் 3 கோடி, பாலக்காட்டுக் கிளையில் இரண்டரைக் கோடி என்றால் இரண்டு கிளைகளும் போட வேண்டும். வரிவிலக்குப் பொருள்களின் விற்பனை, ஏற்றுமதி, வெளிமாநிலக் கிளைக்கு அனுப்பிய சரக்கு எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். 2017-18 முதல் ஏதாவது ஒரு நிதியாண்டில் தாண்டியிருந்தாலே போதும். பிறகு வியாபாரம் 2 கோடிக்குச் சுருங்கிவிட்டாலும் கடமை போகாது. மென்பொருள் போன ஆண்டின் விற்றுமுதலை மட்டும் பார்த்து "தேவையில்லை" என்று காட்டினால் அதை நம்பக்கூடாது.

எல்லா ஆவணத்துக்கும் இது இல்லை. திருப்பூரில் நூலோ துணியோ ஜாப் ஒர்க்குக்கு டெலிவரி சலானில் போகும்போது இ-இன்வாய்ஸ் கிடையாது. அந்த வேலைக்குக் கூலி பில் போடும்போது உண்டு. வரிவிலக்குப் பொருளுக்கான பில் ஆஃப் சப்ளைக்கு இல்லை. பில் தொகையைக் குறைக்கும் கிரெடிட் நோட்டுக்கும் கூட்டும் டெபிட் நோட்டுக்கும் உண்டு. இந்த இரண்டும்தான் அதிகம் விட்டுப்போகின்றன. போட வேண்டியவர் போடாமல் விட்டால், மத்திய ஜிஎஸ்டி விதி 48(5)-இன்படி அந்தத் தாள் இன்வாய்ஸாகவே கருதப்படாது. வாங்கியவர் கொள்முதலில் கட்டிய வரியைத் தன் வரியில் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரி வரவு ஆட்டம் காணும். விற்றவருக்குப் பிரிவு 122-இன் கீழ் 10,000 ரூபாய் அல்லது வரித்தொகை, இதில் எது அதிகமோ அது அபராதம்.

இனி ஐஆர்என் விஷயத்துக்கு வருவோம். விற்பவரின் ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவண வகை, ஆவண எண் ஆகிய நான்கை மட்டும் சேர்த்து எஸ்எச்ஏ-256 என்ற கணினிக் கணக்கீட்டு முறையில் ஆக்கப்படும் 64 எழுத்துச் சரம் அது. வாங்குபவர் யார், தொகை எவ்வளவு, வரி விகிதம் என்ன என்பவற்றுக்கு அதில் இடமே இல்லை. பதிவுத்தளமான ஐஆர்பி, பில்லை உள்ளே எடுக்கும்போது சிலவற்றைச் சரிபார்க்கிறது: பில் விவரங்களைச் சுமக்கும் ஜேசான் கோப்பின் வடிவம் ஒழுங்காக இருக்கிறதா, கூட்டல் ஒரு ரூபாய்க்குள் ஒத்துப்போகிறதா, இருவரின் ஜிஎஸ்டி எண்ணும் உயிரோடு இருக்கிறதா, பின்கோடு அந்த மாநிலத்துக்கு உரியதா, உள்மாநிலப் பில்லில் வெளிமாநில விற்பனைக்கான ஐஜிஎஸ்டி போடப்பட்டிருக்கிறதா. நீங்கள் சொன்ன விவரங்கள் ஒன்றுக்கொன்று முரண்படாமல் இருந்தால் ஐஆர்என் தந்துவிடும். அந்த விவரங்கள் உண்மைதானா, சட்டப்படி பொருந்துமா என்று அது பார்ப்பதில்லை.

ஐஆர்பி ஏற்றுக்கொண்டும் பில் தவறாக இருக்கும் இடங்களில் முதன்மையானது, பில் ஒருவருக்கு, சரக்கு வேறொருவருக்கு என்று போகும் வியாபாரம். கோவை பம்பு உற்பத்தியாளரிடம் பெங்களூரு நிறுவனம் ஒன்று வாங்கி, "சரக்கை ஓசூரில் இருக்கும் எங்கள் வாடிக்கையாளரிடம் இறக்கிவிடுங்கள்" என்கிறது. லாரி தமிழ்நாட்டை விட்டே போகவில்லை. ஆனாலும் ஐஜிஎஸ்டி சட்டம் பிரிவு 10(1)(பி)-இன்படி வழங்கல் இடம் (எந்த மாநில விற்பனையாக வரி கணக்காகிறதோ அந்த இடம்), சரக்கை அனுப்பச் சொன்னவரின் தலைமை வணிக இடமான கர்நாடகம். மாநிலக் குறியீடு 29, வரி ஐஜிஎஸ்டி. பல மென்பொருள்கள் வழங்கல் இடத்தை டெலிவரி முகவரியிலிருந்து எடுத்து தமிழ்நாட்டின் 33 என்று நிரப்பி, உள்மாநில விற்பனைக்கான சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று பிரித்துவிடுகின்றன. 33-க்கு 33, உள்மாநில வரி. முரண் எதுவும் இல்லாததால் ஐஆர்பி சத்தமில்லாமல் ஏற்றுக்கொள்ளும். பெங்களூரு நிறுவனத்தால் தமிழ்நாட்டு வரியை வரவு எடுக்க முடியாது. விற்றவர் ஐஜிஎஸ்டியை மறுபடி கட்டிவிட்டு, தவறான தலைப்பில் கட்டியதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். மென்பொருளில் வழங்கல் இடம் தனிப் புலமாக இருக்க வேண்டும், அதை பில் பெறுபவரின் பதிவிலிருந்து நிரப்ப வேண்டும். இந்த ஒன்றைச் சோதித்துப் பார்த்தாலே உங்கள் மென்பொருளின் தரம் பாதி தெரிந்துவிடும்.

அடுத்தது லாரி வாடகையும் பேக்கிங் கூலியும். இவற்றை "இதர செலவுகள்" என்ற புலத்தில் போட்டால் அதன்மேல் வரி கணக்காகாது. ஐஆர்பியும் கேட்காது, ஏனெனில் அந்தப் புலம் அனுமதிக்கப்பட்டதுதான். ஆனால் சரக்கோடு சேர்த்து விற்பவர் வசூலிக்கும் இத்தகைய செலவுகள் பிரிவு 15-இன்படி வரிக்குரிய மதிப்பிலேயே சேர வேண்டியவை. ஆண்டு முழுக்க இப்படியே ஓடிவிட்டுத் தணிக்கையில் பிடிபடும்போது வரியோடு வட்டியும் சேர்ந்துகொள்ளும்.

சிறப்புப் பொருளாதார மண்டலம் இதற்கு நேர்மாறு. அங்கே தவறு உடனே தெரிந்துவிடும். தாம்பரத்தில் உள்ள மெப்ஸ் என்ற மண்டலத்தில் இருக்கும் நிறுவனத்துக்குச் சென்னையிலிருந்து விற்றாலும் சட்டப்படி அது வெளிமாநில விற்பனைதான். மென்பொருள் அதைச் சாதாரண விற்பனை வகையில் வைத்து ஐஜிஎஸ்டி போட்டு அனுப்பினால் ஐஆர்பியிலிருந்து 2172 என்ற பிழை எண் வரும். கணக்கர் அதைப் பார்த்துவிட்டு வரியை சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று மாற்றிவிடுவார். பிழை போய்விடும், பில் கெட்டுவிடும். மாற்ற வேண்டியது வரியை அல்ல, விற்பனை வகையை.

மறுக்கப்படும் பில்களில் அன்றாடம் தொல்லை தருவது ஆவண எண். எழுத்து, எண், சாய்கோடு, சிறுகோடு எல்லாம் சேர்த்து 16 இடங்களுக்கு மேல் கூடாது. பூச்சியத்திலோ கோட்டிலோ தொடங்கக் கூடாது. மூன்றெழுத்துக் கிளைக் குறியீடு, ஒரு சாய்கோடு, 2025-26, இன்னொரு சாய்கோடு, ஐந்து இலக்க வரிசை எண் என்று வைத்தால் மொத்தம் 17. ஆண்டை 25-26 என்று சுருக்கினால் 15-இல் அடங்கிவிடும். 2025 ஜூன் 1 முதல் ஐஆர்பி ஆங்கிலச் சிறிய எழுத்தையும் பெரிய எழுத்தையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறது. இரண்டு கிளைகளைச் சிறிய, பெரிய எழுத்தால் மட்டும் பிரித்து வைத்திருந்தவர்களுக்கு இப்போது இரட்டைப் பதிவு என்று மறுப்பு வரும். ஏப்ரல் 1 அன்று வரிசையை 1-லிருந்து மறுபடி தொடங்கலாம். நிதியாண்டும் ஐஆர்என்னில் சேர்வதால் மோதாது.

ஆனால் அந்த நிதியாண்டு ஆவணத் தேதியிலிருந்து வருகிறது. வெளிநாட்டு சர்வரில் ஓடும் மென்பொருள் நேரத்தை கிரீன்விச் கணக்கில் வைத்திருந்தால், அதிகாலை ஐந்தரை மணிக்கு முன் போடும் பில்லுக்கு முந்தைய நாள் தேதி விழும். இரவு ஷிப்டில் லாரி ஏற்றும் நூற்பாலைகளில் ஏப்ரல் 1 விடியற்காலைப் பில் மார்ச் 31-க்குப் போய், பழைய ஆண்டுக் கணக்கில் உட்கார்ந்துவிடும்.

பின்கோடு விஷயம் நம் பகுதிக்கே உரிய சிக்கல். 605-இல் தொடங்கும் எண்கள் விழுப்புரத்துக்கும் உண்டு, புதுச்சேரிக்கும் உண்டு. 609 நாகப்பட்டினம் பக்கமும் காரைக்காலும் பகிர்ந்துகொள்வது. மாஹேயின் எண் கேரளத் தொடரில், ஏனாமின் எண் ஆந்திரத் தொடரில் இருக்கின்றன. காரைக்கால், மாஹே, ஏனாம் மூன்றுமே புதுச்சேரியின் 34 என்ற மாநிலக் குறியீட்டுக்குள் வருபவை. பின்கோட்டின் முதல் மூன்று இலக்கத்தைப் பார்த்து மாநிலத்தைத் தானே நிரப்பும் மென்பொருள் இங்கெல்லாம் தடுமாறும். மாநிலத்தை ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கத்திலிருந்து எடுத்து, பின்கோட்டை அதனோடு ஒப்பிட மட்டும் பயன்படுத்த வேண்டும். 3039 என்ற பிழை வந்தால் பெரும்பாலும் வாடிக்கையாளர் பதிவில் இருக்கும் முகவரிதான் காரணம்.

புதிதாகப் பதிவு பெற்ற வாடிக்கையாளருக்குப் பில் போடும்போது 3028 வரலாம். அந்த ஜிஎஸ்டி எண், ஐஆர்பி வைத்திருக்கும் ஜிஎஸ்டி எண் பட்டியலின் பிரதியில் இன்னும் ஏறவில்லை என்று பொருள். ஜிஎஸ்டி பொதுத்தளத்திலிருந்து அந்த எண்ணைப் புதுப்பித்து எடுக்கும் வசதி ஐஆர்பியில் இருக்கிறது. மென்பொருள் அதை ஒருமுறை அழைத்துவிட்டு மறுபடி அனுப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும். 3029 வந்தால் கதை வேறு. அந்தப் பதிவு செயலில் இல்லை. சரக்கை ஏற்றும் முன் வாடிக்கையாளரிடம் பேசுங்கள்.

காசுக் கணக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். 1,247.350 கிலோ பருத்தி நூல், கிலோ 268.75 ரூபாய். பெருக்கினால் 3,35,225.3125; இரண்டு தசமத்தில் 3,35,225.31. வெளிமாநிலம் என்றால் 5 சதவீத ஐஜிஎஸ்டி 16,761.27. உள்மாநிலம் என்றால் இரண்டரை சதவீதம் 8,380.63, அதுவே இரண்டு முறை, ஆக 16,761.26. ஒரு காசு வேறுபாடு இயல்பானது. அதைச் சரிக்கட்ட முயலும் மென்பொருள்தான் கெடுக்கிறது. உள்மாநிலப் பில்லின் மொத்தம் 3,51,986.57, முழு ரூபாயாக்க 0.43-ஐ ரவுண்ட் ஆஃப் புலத்தில் தனியாகக் காட்டினால் 3,51,987. சில மென்பொருள்கள் பில்லின் ஒவ்வொரு பொருள் வரிசையையும் முழு ரூபாயாக்கிவிட்டு, அடியில் உள்ள மொத்தத்தை மட்டும் முழுமையாக்காத எண்களிலிருந்து கூட்டும். 40 பொருள் வரிசைகள் கொண்ட பில்லில் இந்த வேறுபாடு 20 ரூபாய் வரை போகலாம். அப்போது மொத்தம் ஒத்துப்போகவில்லை என்று 2182 அல்லது 2189 பிழை வரும். வரிசைக்கு வரிசை இரண்டு தசமத்தில் நிறுத்தி, நிறுத்திய எண்களையே கூட்டி, கடைசியில் ஒரே ஒரு முறை ரவுண்ட் ஆஃப் செய்வதுதான் முறை. தசமங்களைத் தோராயமாகவே சேமிக்கும் கணிப்பொறியின் மிதவைப்புள்ளி எண்களைப் பணத்துக்குப் பயன்படுத்தவே கூடாது.

இணையம் பாதியில் அறுந்தால் என்ன செய்கிறது என்பதில் மென்பொருளின் முதிர்ச்சி தெரியும். பில் போய்ச் சேர்ந்து, ஐஆர்என் உருவாகி, பதில் மட்டும் திரும்பி வராமல் போகலாம். திரையில் "தோல்வி" என்று பார்த்ததும் கணக்கர் புதிய எண்ணில் அதே பில்லை மறுபடி போட்டால், ஒரே விற்பனை ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்குத் தாக்கலில் இரண்டு முறை ஏறும். மென்பொருள் அந்த எண்ணை "நிலை தெரியவில்லை" என்று நிறுத்திவைத்து, ஆவண விவரத்தைக் கொடுத்து ஐஆர்என்னைத் தேடும் அழைப்பைச் செய்ய வேண்டும். இல்லையென்றால் அதே எண்ணிலேயே மறுபடி அனுப்பலாம். 2150 என்ற இரட்டைப் பிழையோடு முன்பே உருவான ஐஆர்என்னும் திரும்பி வரும். அதை எடுத்துச் சேமித்துக்கொண்டால் போதும். ஒரு ஐஆர்பி முடங்கினால் இன்னொன்றில் பதியும் வழியும் மென்பொருளில் இருக்க வேண்டும்.

ரத்து செய்ய 24 மணி நேரம்தான். பாதி ரத்து கிடையாது. அந்தப் பில்லுக்குச் சரக்குப் போக்குவரத்துக்கான இ-வே பில் உயிரோடு இருந்தால் முதலில் அதை ரத்து செய்தாக வேண்டும். ரத்தான எண்ணை மறுபடி பயன்படுத்த முடியாது. 24 மணி கடந்தால் கிரெடிட் நோட்தான் வழி. விற்றுமுதல் 10 கோடியும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 2025 ஏப்ரல் 1 முதல் இன்னொரு கெடுவும் உண்டு. ஆவணத் தேதியிலிருந்து 30 நாள் கடந்துவிட்டால் ஐஆர்பி ஏற்காது. கிரெடிட் நோட்டுக்கும் இதுவே விதி. மாதக் கடைசியில் மொத்தமாகப் பதியும் பழக்கம் உள்ளவர்கள், 20-ஆம் நாளில் எச்சரிக்கை வரும்படி இப்போதே அமைத்துக்கொள்ள வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட ஆழமான குறை, விதிகளுக்குத் தேதி இல்லாமல் மென்பொருள் எழுதப்படுவது. 2025 செப்டம்பர் 22 அன்று வரி விகிதங்கள் மாறின. அதுவரை 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட ஆடைக்கு 12 சதவீதம். அன்று முதல் 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18. ஆகஸ்டில் 1,800 ரூபாய் விலையில் 12 சதவீதம் போட்டு விற்ற சட்டை அக்டோபரில் திரும்பி வந்தால், கிரெடிட் நோட்டில் பழைய 12 சதவீதம்தான் போட வேண்டும், ஏனென்றால் அது மூலப் பில்லைத் திருத்தும் ஆவணம். பொருள் பட்டியலில் 12-ஐ அழித்து 5 என்று மாற்றிவைத்த மென்பொருளுக்கு இது தெரியாது. 5 சதவீதத்தில் கிரெடிட் நோட் போட்டுவிடும். விற்றவர் 7 சதவீத வரியைத் தன் கையிலிருந்து இழப்பார். விகிதத்தோடு தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் சேமிக்கப்பட வேண்டும். கிரெடிட் நோட் தன் விகிதத்தை மூலப் பில்லிலிருந்தே எடுக்க வேண்டும். முடிவுத் தேதி எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொரு சான்று, வருமான வரிச் சட்டம் 206சி(1எச்)-இன் கீழ் பில்லில் சேர்த்து வாங்குபவரிடம் வசூலித்து வந்த 0.1 சதவீத வரியான டிசிஎஸ். 2025 ஏப்ரல் 1 முதல் அது கிடையாது. அதை நிரலுக்குள்ளேயே எழுதிவைத்தவர்கள், நிறுத்தப் புதிய பதிப்பு அனுப்பவேண்டி வந்தது. தேதியோடு அட்டவணையில் வைத்தவர்களுக்கு ஒரே ஒரு வரிசை மாற்றம்.

சென்னையிலும் கோவையிலும் எழுதப்படும் பில்லிங் மென்பொருள்கள் வெளிநாடுகளிலும் விற்பனையாவதால் இதையும் சொல்ல வேண்டும். இந்திய முறையை நகலெடுத்து, முகவரியை மட்டும் மாற்றி வேறு நாட்டுக்கு அனுப்ப முடியாது. மலேசியாவின் இ-இன்வாய்ஸ் தளமான மைஇன்வாய்ஸில் ரத்து செய்யக் காலம் 72 மணி நேரம், அதே காலத்துக்குள் வாங்குபவரும் பில்லை நிராகரிக்கக் கேட்கலாம். இந்திய மென்பொருளில் வாங்குபவர் நிராகரிப்பது என்ற நிலைக்கு இடமே வைத்திருக்க மாட்டார்கள். சில்லறை விற்பனையை மாதம் முடிந்த ஏழு நாளுக்குள் ஒரே தொகுப்பாக அனுப்பும் வழியும் அங்கே உண்டு. திருப்பூர் ஏற்றுமதியாளர் கோலாலம்பூருக்கு ஆடை விற்றால், இங்கே வாங்குபவர் ஜிஎஸ்டி எண் இடத்தில் யுஆர்பி (பதிவு இல்லாதவர்), மாநிலக் குறியீடு 96, பின்கோடு 999999 என்று நிரப்பி இந்திய இ-இன்வாய்ஸ் போகும். அங்கே வாங்கியவர் அதே சரக்குக்குத் தானே சுயப் பில் ஒன்றைப் பதிவு செய்வார். சவூதி அரேபியாவில் 2023 ஜனவரி 1 முதல் அலை அலையாக நடைமுறைக்கு வந்த இ-இன்வாய்ஸ் இரண்டாம் கட்டத்தில், ஒவ்வொரு பில்லும் முந்தைய பில்லின் ஹேஷை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாளச் சரத்தை) சுமந்து சங்கிலியாக வர வேண்டும். இரண்டு பில்லிங் கருவிகள் ஒரே சங்கிலியில் எழுதினால் அறுந்துவிடும். நிறுவனங்களுக்கான பில்லுக்கு வரித்துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், பொதுமக்களுக்கான பில்லை 24 மணி நேரத்துக்குள் தெரிவித்தால் போதும். பில்லில் அரபு மொழி கட்டாயம். ஆகவே விற்பனை, சரக்கு, வரிக்குரிய தொகை ஆகியவை பொதுவான நடுப்பகுதியில் இருக்கட்டும். எண் வடிவம், கையொப்பம், கெடு, ரத்து, நிராகரிப்பு ஆகியவை நாட்டுக்கொரு தனிப் பகுதியில் இருக்கட்டும். நிரல் முழுக்க "இந்தியா என்றால் இப்படி, மலேசியா என்றால் அப்படி" என்று தூவிவைத்தால், ஒரு நாட்டின் விதி மாறும்போது இன்னொரு நாட்டின் பில் உடையும்.

ஏப்ரலுக்கு முன் வணிகர்கள் தங்கள் மென்பொருளைச் சோதனைத் தளத்தில் ஓட்டிப்பார்க்கும்படி கேட்க வேண்டும். சாதாரணப் பில் ஒன்று போட்டுக் காட்டினால் போதாது. ஓசூரில் இறங்கும் பெங்களூரு பில், மெப்ஸ் பில், காரைக்கால் பில், 40 வரிசைப் பில், செப்டம்பருக்கு முந்தைய விற்பனையின் கிரெடிட் நோட், பாதியில் இணையத்தைத் துண்டித்த பில் ஆகிய ஆறையும் கண்முன் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அச்சான கியூஆரை அரசின் சரிபார்ப்புச் செயலியில் ஒருமுறை படித்துப் பாருங்கள். ஐஆர்பி கையொப்பமிட்டுத் தரும் நீண்ட சரத்தை அப்படியே கியூஆராக்க வேண்டும். பில் எண்ணை மட்டும் வைத்து மென்பொருள் தானே உருவாக்கியது செல்லாது. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் சிறிதாக அடித்தால் படிக்கவே முடியாது.

மென்பொருள் விற்பவர்களிடம் வைக்க வேண்டிய கோரிக்கைகள் மூன்று. அறிவிக்கப்பட்ட விதி மாற்றம் அமலுக்கு வரும் நாளுக்கு எத்தனை நாள் முன் புதிய பதிப்பு தருவார்கள் என்பதை ஒப்பந்தத்தில் எழுத்தில் தர வேண்டும். பிழை எண்ணை மட்டும் காட்டாமல், எந்தப் புலத்தில் என்ன தவறு, யார் திருத்த வேண்டும் என்பதைக் கணக்கருக்குத் தமிழில் காட்ட வேண்டும். ஐஆர்பி கையொப்பமிட்ட மூல ஜேசான் கோப்புகளை, வாடிக்கையாளர் வேறு மென்பொருளுக்கு மாறும்போது முழுவதுமாக ஒப்படைக்க வேண்டும். ஆண்டுக் கணக்குத் தாக்கலின் கெடு நாளிலிருந்து 72 மாதம் ஆவணங்களை வைத்திருக்கச் சட்டம் சொல்கிறது. அந்தப் பொறுப்பு வணிகருடையது. சந்தா நின்றதும் கோப்புகளைப் பூட்டிவைக்கும் நிறுவனத்திடம் அதைச் சுமத்த முடியாது.

இப்படிக்கு,
வணிக மென்பொருள் அமைப்புப் பணியில் உள்ள வாசகர்,
கோயம்புத்தூர்